1100 என்று போட்டிருந்தது, 1480 வந்து நிற்கிறது: பால்சா விமானத்தில் கூடுதல் எடை

கேள்வி, 11 ஜூன் 2023

ரிமோட்டில் பறக்கவிடுகிற மாதிரி விமானம், மேல்சிறகுப் பயிற்சி வகை. பிளான் பார்த்து நானே வெட்டிக் கட்டியது. சிறகு நீளம் 140 செ.மீ, அகலம் 22 செ.மீ. பறக்கும் எடை 1100 கிராம் என்று பிளானில் போட்டிருக்கிறது. என்னுடையது பேட்டரியோடு 1480. இன்னும் பறக்கவிடவில்லை. சிறகுக்குள் குறுக்கே வரும் விலாக்களில் ஓட்டை போட்டுக் குறைக்கலாமா, இல்லை மோட்டாரைப் பெரிதாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமா? எங்கே தப்பு நடந்தது என்றே பிடிபடவில்லை. எல்லாமே பால்சாதான் போட்டேன், இலகுவான மரம் என்றுதானே அதை வாங்குகிறோம்.

பதில், 11 ஜூன் 2023, இரவு

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. "எல்லாமே பால்சாதான்."

கன மீட்டருக்கு 80 கிலோ வருவதும் பால்சா, 240 கிலோ வருவதும் பால்சா. 1.5 மி.மீ கனம், 10 செ.மீ அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல இலகுவான மரம் என்றால் 15 கிராம் இருக்கும். அதே கட்டிலிருந்து உருவிய அடுத்த ஷீட் 33 கிராம் இருக்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே விலை. கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

நான் முதலில் கட்டியது 2009-ல். அதுவும் இப்படித்தான், 1.1 கிலோ வர வேண்டியது ஒன்றரையைத் தாண்டியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த நம்பிக்கையில் கண்மாய்க்குக் கொண்டுபோனேன். பறந்தது. இறங்கியபோதுதான் அம்மி என்று தெரிந்தது.

ஓட்டையும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எடை போட்டு இங்கே எழுதுங்கள். வாலை மறக்காதீர்கள்.

12 ஜூன் 2023

கேட்டவர் இன்னும் எடை போடவில்லை. அதற்குள் மூன்று பேர் "380 கிராம்தானே, த்ராட்டில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் போச்சு" என்று எழுதிவிட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

சிறகின் பரப்பு ஏறக்குறைய 31 சதுர டெசிமீட்டர். 1100 கிராம் இருந்தால் இந்தச் சிறகு மணிக்குச் சுமார் 26 கி.மீ வரை காற்றில் தாங்கும். அதற்குக் கீழே போனால் ஸ்டால், அதாவது சிறகு தாங்காமல் விமானம் விழும். 1480 கிராமுக்கு அந்த எல்லை 30 கி.மீ. நாலு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும்போது கணக்கில் வருவது எடையும் வேகத்தின் வர்க்கமும். இரண்டும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மூக்கை ஊன்றி நின்றால், முன்பு புரொப்பெல்லரோடு போயிருக்கும். இப்போது மோட்டாரைத் தாங்கும் முன்பலகையான ஃபயர்வாலையும் பெயர்த்துக்கொண்டு போகும். சரி செய்ய இன்னும் கொஞ்சம் பசை, இன்னும் ஒரு பிளைவுட் துண்டு. அடுத்த முறை இன்னும் கனமாக மோதும். என் அம்மி கடைசியில் 1720-ல் ஓய்வு பெற்றது இப்படித்தான்.

த்ராட்டில் தூக்கிக்கொண்டு போகும். இறக்கும்போது த்ராட்டிலைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்.

12 ஜூன் 2023, பிறகு

ஓட்டை விஷயம். நானும் ஒரு காலத்தில் விலா விலாவாக ஓட்டை போட்டவன்தான். 22 செ.மீ அகலச் சிறகுக்கு 2 மி.மீ ஷீட்டில் வெட்டிய ஒரு விலா சுமார் 1.1 கிராம். இருபது விலா 22 கிராம். ஒவ்வொன்றிலும் கால் பங்கு மரத்தை எடுத்தாலும் மொத்தம் ஐந்தரை கிராம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போகும். இரண்டு விலா உடையும். உடைந்ததை ஒட்டிய பசை ஒரு கிராம். பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. வெயிலுக்கு நேராகப் பறக்கும்போது சிறகை மூடிய ஃபிலிம் வழியாக அந்த வட்டங்கள் தெரிந்தால் மனசுக்கு ஒரு சந்தோஷம். ஐந்து கிராம் சந்தோஷம்.

14 ஜூன் 2023

எடைப் பட்டியல் வந்துவிட்டது. வால், கிடைமட்டமும் செங்குத்தும் சேர்த்து, 120 கிராம். படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

பட்டியலுக்குக் கீழே போகிறபோக்கில் ஒரு வரி: "மூக்கில் 150 கிராம் ஈயம் வைத்திருக்கிறேன், அதை எழுத விட்டுப்போச்சு அண்ணே, அது விமானத்தில் சேராதுதானே."

தம்பி, சேரும். விமானத்தோடு சேர்ந்து பறக்கிற எல்லாமே சேரும்.

14 ஜூன் 2023, இரவு

சிரித்து முடித்தாயிற்று. இனி விஷயம்.

முதல் நாள் "மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம்" என்கிற தொனியில் எழுதினேன். பாதிதான் சரி. கனமான மரம் எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் மீதிப் பாதி. சிஜி புள்ளியிலிருந்து, அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் ஈர்ப்பு மையத்திலிருந்து, இவருடைய வால் 72 செ.மீ பின்னால் இருக்கிறது. ஈயம் 24 செ.மீ முன்னால். ஆக வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம். வாலுக்குப் போட்டது 6 மி.மீ முழு ஷீட். அதுவும் கட்டையான, கனமான ஷீட். "உறுதியாக இருக்கட்டும் என்று நல்ல கெட்டியாகப் பார்த்து எடுத்தேன்" என்கிறார். வாலுக்கு அவ்வளவு உறுதி தேவையே இல்லை. அதன் மேல் வரும் சுமை குறைவு. முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வழி: வாலை அறுத்து எடுத்துவிடுங்கள். ஆமாம், அறுத்துத்தான். அதே 6 மி.மீ கனத்தில், 8 மி.மீ அகலக் குச்சிகளாகச் சட்டம் கட்டி, குறுக்கே மூலைவிட்டமாகக் குச்சி கொடுத்து, மேலே ஃபிலிம் ஒட்டினால் 50 கிராம் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்றும் விசாரித்தேன். அது பழைய பிளான், எரிபொருள் எஞ்சினுக்காக வரைந்தது. அந்தக் காலத்து மூக்கில் சைலன்சரோடு கால் கிலோ இரும்பும் அலுமினியமும் உட்கார்ந்திருக்கும், அதை நம்பித்தான் மூக்கின் நீளத்தை வைத்திருப்பார்கள். நாம் 60 கிராம் மின் மோட்டாரை மாட்டிவிட்டு, வால் ஏன் தொங்குகிறது என்று கேட்கிறோம். பிளான்காரர் மேல் தப்பில்லை.

15 ஜூன் 2023

"ஈயம் எங்கே வாங்கினீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்லா இருக்கு. நாங்கள் எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இவர் போடக் கேட்கிறார். டயர் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டுவார்களே, பின்னால் பிசினோடு ஐந்து ஐந்து கிராமாக, அதுதான். உடைத்து உடைத்து ஒட்டலாம். வசதிதான், அதுதான் ஆபத்தே.

18 ஜூன் 2023

பசை. இது நான் சமையலறைத் தராசில் செய்து பார்த்தது. ஒரு பிளாஸ்டிக் மூடியில் 10 கிராம் ஃபெவிகால், இன்னொன்றில் 10 கிராம் எப்பாக்சி. மறுநாள் ஃபெவிகால் மூடியில் 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு; தண்ணீர் போய்விட்டது. எப்பாக்சி மூடியில் அப்படியே 10. எப்பாக்சியில் ஆவியாக ஒன்றுமில்லை, போட்டதெல்லாம் விமானத்தில் தங்கிவிடும்.

இதனால் எப்பாக்சி கூடாது என்று ஆகாது. ஃபயர்வால், லேண்டிங் கியர் பலகை, சிறகின் நடு இணைப்பு ஆகிய மூன்று இடத்துக்கும் எப்பாக்சிதான். மற்ற இடமெல்லாம் ஃபெவிகால், அவசரத்துக்கு ஃபெவிக்விக். பசை மெலிசாகத் தடவுவதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு மரமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்புகிறவன் கனமான விமானம்தான் கட்டுவான். உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பொருத்திப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "பொருத்தம் சரியா இருந்தா பசையே எதுக்கு" என்றார். அவர் தொழிலில் அது உண்மை.

2 ஜூலை 2023

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு. என் இரண்டாவது விமானத்துக்கு ஆசையாகக் கார் ஸ்ப்ரே அடித்தேன். அடிப்பூச்சு, மஞ்சள், சிவப்புக் கோடு, மேலே பளபளப்பு. முன்னும் பின்னும் எடை போட்டதில் 94 கிராம் வித்தியாசம். இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், மரத்தின் துளைகளை மூடப் பட்டி பார்த்தது வாலில்தான் அதிகம்.

இஸ்திரி வைத்து ஒட்டுகிற சாதாரண ஃபிலிம் சதுர மீட்டருக்கு 60-70 கிராம். இந்த அளவு விமானத்துக்கு ஒரு சதுர மீட்டர் போதும். நிறமும் அதிலேயே வந்துவிடுகிறது. மேலே இன்னொரு ஃபிலிமில் நட்சத்திரம், கட்டம், கோடு என்று அடுக்கினால் அதுவும் கணக்கில் ஏறும். காகிதமும் அதன்மேல் பூசும் டோப் என்கிற பூச்சும் இதைவிட இலகு. ஆனால் கண்மாய்க் கரையில் கருவேல முள் இருக்கிறது, நான் காகிதம் பக்கம் போவதில்லை.

23 ஜூலை 2023

ஆடி பிறந்தாயிற்று. வாரம் முழுக்கக் காற்று, ஒன்றையும் பறக்கவிட முடியவில்லை. அதனால் வாதம்.

"கனமான விமானம் காற்றில் ஆடாமல் நிற்கும், இலகுவானதைக் காற்று தூக்கிப்போடும்" என்று எழுதியவருக்கு: உண்மை. நான் எதிர்க்கவில்லை. கிளைடர்காரர்கள் காற்று பலமாக இருக்கும் நாளில் சிறகுக்குள் எடை சேர்த்தே பறக்கவிடுவார்கள். ஆனால் அவர்கள் சேர்ப்பது வேண்டுமென்று, சிஜி புள்ளியில், மறுபடி எடுக்கிற மாதிரி. நம் தம்பி சேர்த்தது தெரியாமல், வாலில், ஃபெவிக்விக் போட்டு.

24 ஜூலை 2023

அதே சூட்டில் நேற்று நேரடியாகச் சிலருக்கு ஒரு தப்பான சமாதானம் சொல்லிவிட்டேன், இங்கேயே திருத்திவிடுகிறேன். "என் இரண்டு மீட்டர் விமானத்தில் சதுர டெசிமீட்டருக்கு 55 கிராம் வருகிறது, பூ மாதிரி இறங்குகிறது, தம்பியுடையது 48தான், அவ்வளவு மோசமில்லை" என்று சொன்னேன். இரண்டையும் அப்படி ஒப்பிடக் கூடாது. விமானத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நாலு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. பெரியதற்குச் சிறகுச் சுமை இயல்பாகவே கூடும். அதனால் எடையைப் பரப்பால் வகுக்காமல், பரப்பின் ஒன்றரை அடுக்கால் வகுத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் என் 3300 கிராம், 60 சதுர டெசிமீட்டர் விமானத்துக்கு 7.1. தம்பியின் 1480-க்கு 8.7. பிளானில் இருந்த 1100-க்கு 6.4. ஐந்திலிருந்து ஏழு வரை பயிற்சி விமானம், அதற்கு மேலே பத்து வரை வித்தை காட்டுகிற விமானம் என்று தோராயமாகச் சொல்வார்கள். ஆக, தம்பி பயிற்சி விமானத்தின் பிளானை வைத்து வித்தை விமானம் கட்டியிருக்கிறார்.

என் பெரிய விமானமும் இறங்கும்போது வேகமாகத்தான் வருகிறது. உடம்பு பெரிது, அதனால் மெதுவாகத் தெரிகிறது. பேருந்தும் பைக்கும் ஒரே வேகத்தில் போகும்போது பேருந்து ஊர்கிற மாதிரி இருக்குமே, அதுதான்.

6 ஆகஸ்ட் 2023

வால் புதிதாகக் கட்டியாயிற்று என்று படம் போட்டிருக்கிறார். 52 கிராம். பிரமாதம்.

68 கிராம் குறைந்தது 72 செ.மீ தள்ளி. ஈயம் 150 இருந்தது 24 செ.மீ-ல். பெருக்கிப் பார்த்தால் ஈயம் முழுக்கக் கழற்றிய பிறகும் மூக்குக் கனமாகத்தான் இருக்கும். 185 கிராம் பேட்டரியை 7 செ.மீ பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். எல்லாம் சேர்ந்து 218 கிராம் போயிற்று. 1262.

கணக்கை நம்பி மூடியை ஒட்டிவிடாதீர்கள். சிறகை மாட்டி, இரண்டு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு.

மோட்டார் விஷயத்தில் என் முதல் நாள் பதிலையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மூக்கில் எடை வேண்டியே தீரும் என்ற நிலை வந்தால், ஈயத்துக்குப் பதில் கனமான மோட்டாரோ பெரிய பேட்டரியோ வைப்பது புத்திசாலித்தனம். சும்மா வருகிற எடை வேலை செய்துகொண்டு வரட்டும். நான் வேண்டாம் என்றது, வாலைச் சரிசெய்யாமல் மோட்டாரை மாற்றுவதைத்தான்.

7 ஆகஸ்ட் 2023

இன்னொரு இடம் விட்டுப்போயிற்று. வாலின் அசையும் பாகங்களைத் தள்ளி இழுக்க உள்ளே போகிற கம்பி. 2 மி.மீ இரும்புக் கம்பி 60 செ.மீ-க்கு 15 கிராம் வரும். இரண்டு கம்பி 30. அதே அளவு கார்பன் குச்சி ஒன்று 3 கிராம்தான். நான் பல வருஷம் சைக்கிள் ஸ்போக்கை வெல்டு வைத்து நீட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிக்கனம் என்று நினைப்பு. இப்போது முனைக்கு மட்டும் ஒரு சிறு துண்டு ஸ்போக், நடுவில் கார்பன்.

20 ஆகஸ்ட் 2023

எல்லாரும் ஆளுக்கொரு தராசு வாங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒருவர் சிறகின் நீளத்துக்கு ஓடி அதைத் தாங்கும் ஸ்பாரைக்கூட இலகுவான மரத்தில் மாற்றிவிட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறார். உடனே நிறுத்துங்கள். இந்தக் கதையைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். இனித் தயங்கினால் பாவம்.

அம்மிக்கும் அந்தப் பெயின்ட் அடித்ததுக்கும் பிறகு எனக்கு எதிர்ப்பக்கத்துப் பைத்தியம் பிடித்தது. கிராம் கிராமாகக் குறைத்தேன். 140 செ.மீ சிறகு, மேலே ஒன்று கீழே ஒன்றாக 5 மி.மீ சதுர ஸ்பார் இரண்டு. இரண்டும் சேர்த்து 70 கன செ.மீ. கெட்டி மரத்தில் 14 கிராம் வந்திருக்கும். நான் பஞ்சு மாதிரி மரத்தில் வெட்டி 6 கிராமில் முடித்தேன். இரண்டு ஸ்பாருக்கும் நடுவே செங்குத்து நார் வருகிற மாதிரி மெல்லிய பலகை வைத்து அடைக்க வேண்டும், அதையும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டேன். அது இன்னொரு 5 கிராம். மொத்தம் 13 கிராம் மிச்சம்.

நாலாவது பறப்பில் ஒரு லூப், வானத்தில் மேலே போய்க் கீழே வருகிற வட்டம். கீழே வந்து இழுக்கும்போது சிறகு கைகூப்பிய மாதிரி மேலே மடிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. கூட வந்திருந்த என் பையன் அப்போது சின்னவன், "அப்பா, கும்பிட்டுட்டே விழுந்துச்சு" என்றான். இன்றுவரை வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கெட்டி மரத்தைத் தூக்கிப்போடாதீர்கள், அது ஸ்பாருக்கு. லூப் இழுக்கும்போது சிறகின் மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் அறுந்துபோகப் பார்க்கும். நடுப்பலகை இல்லாவிட்டால் மேலே உள்ளது வளைந்து துள்ளிவிடும். இலகு மரம் வாலுக்கு, சிறகின் முன்விளிம்பு மூடும் ஷீட்டுக்கு, ஃபியூசலாஜ் என்கிற உடற்பகுதியின் பின்பாதிக்கு. நான் இணையத்தில் பத்துப் பத்து ஷீட்டாக வாங்கி, வந்ததும் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எடையை எழுதி, கனத்தின்படி அடுக்கிவிடுவேன். அடுக்கின் கீழ்க்கோடி ஸ்பாருக்கு, மேல்கோடி வாலுக்கு.

நாரையும் பாருங்கள். மேற்பரப்பில் மீன் செதில் மாதிரிப் புள்ளி மினுமினுப்பது குறுக்கே வளையாது, விலாவுக்கு நல்லது. நீளக் கோடாக மட்டும் தெரிவது குழாய் மாதிரிச் சுருளும். முன்விளிம்பில் சுற்றுவதற்கு அதுதான். மாற்றிப் போட்டால் விரிசல், விரிசலுக்குப் பசை, பசைக்கு எடை.

21 ஆகஸ்ட் 2023

"முன்பெல்லாம் நல்ல ஷீட் கிடைத்தது, இப்போது கட்டை கட்டையாக வருகிறது" என்ற புலம்பலுக்கு: 2020 வாக்கில் விலை எகிறியது ஞாபகம் இருக்கும். பெரிய காற்றாலை இறகுகளுக்குள் நடுச்சோறு மாதிரி பால்சா வைப்பார்கள். உலகத்துப் பால்சாவில் பெரும்பகுதி எக்வடோரிலிருந்து வருகிறது, சீனக் காற்றாலைகளுக்காக அங்கே அடித்துப்பிடித்து வெட்டினார்கள். அடுத்த தடவை முப்பந்தல் வழியாகப் போகும்போது மேலே சுற்றுகிறதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமூச்சு விடலாம்.

12 நவம்பர் 2023

ஒரு மர்மம். அடுத்த விமானத்தின் சட்டத்தை மே மாதமே கட்டி முடித்து, ஃபிலிம் ஒட்டாமல் மொட்டைமாடி அறையில் வைத்திருந்தேன். அன்று 182 கிராம், நோட்டில் தேதியோடு இருக்கிறது. இன்று ஃபிலிம் ஒட்டலாம் என்று எடுத்துத் தராசில் வைத்தால் 196. ஒரு குச்சிகூடச் சேர்க்கவில்லை.

தராசு வீட்டில் கேக் செய்ய வாங்கியது. அதன் மேல்தான் சந்தேகம்.

13 நவம்பர் 2023

தராசு சரியாகத்தான் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம் சொச்சம். பத்து நாணயம் வைத்தேன், 77 காட்டியது. அப்போ 14 கிராம் எங்கிருந்து வந்தது? எலி உள்ளே குடித்தனம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

14 நவம்பர் 2023

கண்டுபிடித்தவர் இங்கே எழுதுகிற ஒருவர்தான், ஒரே வார்த்தையில்: "மழை."

மரம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். ஈரப்பதம் 40 சதவீதம் இருக்கும் காற்றில் காய்ந்த எடையைப் போல் ஏழரை சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். 80 சதவீதக் காற்றில் 16 சதவீதம். மே மாதத்து மொட்டைமாடி அறை அடுப்பு மாதிரி. இப்போது இங்கே ஒரு வாரமாக அடைமழை, துணிகூடக் காயவில்லை. கணக்குப் போட்டால் 182 கிராம் சட்டம் 196 ஆக வேண்டும். ஆகியிருக்கிறது. இத்தனை வருஷம் கட்டிக்கொண்டிருக்கிறேன், இது தோன்றவே இல்லை.

அதனால் ஜூனிலிருந்து நான் இங்கே அடித்துவிட்ட கிராம் கணக்கெல்லாம் எந்தக் காலத்தில் எடை போட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷீட் வாங்கி வந்ததும் எடை எழுதும் என் பழக்கமும்தான். ஐப்பசியில் 17 கிராம் காட்டும் ஷீட் சித்திரையில் 16 காட்டலாம். அதற்காக மழைக்காலத்தில் கட்டாமல் இருக்க முடியாது. சட்டத்தை இரண்டு நாள் சூடான, காய்ந்த அறையில் வைத்துவிட்டு ஃபிலிம் ஒட்டினால் போதும். ஈரமாக இருக்கும்போது ஒட்டியது கோடையில் சட்டம் சுருங்கித் தொளதொளவென்று ஆகும். என் விமானங்களில் ஏன் சித்திரையில் மட்டும் சுருக்கம் விழுகிறது என்பதற்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிட்டது.

15 நவம்பர் 2023

"பால்சா இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றால் கான்-டிக்கி தெப்பம் எப்படி மிதந்தது?" நல்ல கேள்வி. அந்தப் பால்சா தெப்பம் 1947-ல் பெருவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் போனது. அதைக் கட்டியவர்கள் போட்டது காய்ந்த மரம் இல்லை, அப்போதுதான் வெட்டிய பச்சை மரம். உள்ளே இருந்த சாறே கடல் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது என்று சொன்னார்கள். நம் கடை ஷீட் சூளையில் காயவைத்தது. தெப்பம் கட்டாதீர்கள்.

7 ஜனவரி 2024

தம்பி பறக்கவிட்டுவிட்டார்! வீடியோ பார்த்தேன். நடுவில் சக்கரத்தையும் மாற்றியிருக்கிறார். கெட்டி ரப்பர் இரண்டும் 80 கிராம் இருந்தது, பஞ்சுச் சக்கரம் 30. இப்போது 1212. இதை நான் சொல்லவே இல்லை, அவராகவே தராசில் வைத்துப் பார்த்துப் பிடித்திருக்கிறார். ஸ்டால் கணக்குப்படி மணிக்கு 27 கி.மீ.

பிளானில் போட்டதைவிட இன்னும் 112 கிராம் அதிகம்தான், அதைக் குறைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறார். இருக்கிறது, சிறகை உரிக்க வேண்டும். வேண்டாம் தம்பி. பறக்கிறதை உரிக்காதீர்கள். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்.

வீடியோவில் ஒன்று கவனித்தேன். முதல் இறக்கத்தில் மூக்கைக் கொஞ்சம் சீக்கிரம் தூக்கிவிட்டீர்கள், ஒரு துள்ளல். 1480-ல் அந்தத் துள்ளலுக்கு லேண்டிங் கியர் பிய்ந்திருக்கும்.

4 பிப்ரவரி 2024

நான் நவம்பரில் காயவைத்த சட்டம் முடிந்தது. வெளுத்த சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக ஒட்டினேன். ஒட்டி முடித்து எடை போட்டால் நினைத்ததைவிட 38 கிராம் கூட. ஜூலையில் நானே இங்கே எழுதியதை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். பார்த்தேன். கட்டம் அழகாகத்தான் இருக்கிறது.

தம்பி கழற்றிய அந்த 150 கிராம் ஈயத்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். டயர் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார், பிசின் போயிருக்கும். இரண்டு துண்டு மட்டும் பெட்டியில் போட்டு வையுங்கள், 10 கிராம். புரொப்பெல்லர் மாற்றினால் சிஜி ஒரு நூல் நகரும், அப்போது தேவைப்படும். மீதியை எனக்கு அனுப்புங்கள், வால் பக்கம் கட்டம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.